வேகம் வேண்டுமா? கொம்பைத் திருப்புங்கள்!

மாதம் பிறந்தவுடன் வீட்டு வாடகை, பால் பணம், மளிகை பாக்கி, பள்ளிக்கூட வேன் கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த வரிசையில் இப்போது இண்டர்நெட் கட்டணமும் இடம் பிடித்து விட்டது. மற்றச் செலவைக் குறைத்தாலும் குறைக்கலாம். இதைக் குறைக்க முடியாது என்ற நிலை வந்து விட்டது. மகனின் பாடம் அதில் இருக்கிறது. மகளின் வேலைக்கான நேர்முகத் தேர்வு அதில் நடக்கிறது. வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிச் சம்பாதிப்பவருக்குச் சோறு போடுவதும் அதுதான்.

பணம் தவறாமல் போகிறது. ஆனால் வேகம் வந்து சேருகிறதா?

பல வீடுகளில் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தால் சினிமாவே தடையில்லாமல் ஓடுகிறது. உள் அறையில் இருக்கும் மேஜைக் கம்ப்யூட்டரில் மட்டும் வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. ஆசிரியரின் முகம் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறது. நேர்முகத் தேர்வில் கேள்வி காதில் விழுகிறது. சொன்ன பதில் போய்ச் சேரவில்லை.

உடனே வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? இண்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுகிறார். "பெரிய திட்டத்துக்கு மாறிக் கொள்ளுங்கள் சார், சரியாகி விடும்" என்று பதில் வருகிறது. 50 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் இருப்பவர் 100-க்கு மாறுகிறார். 100-ல் இருப்பவர் 200-க்கு மாறுகிறார். கட்டணம் ஏறுகிறது. வட்டம் நின்றபாடில்லை.

இத்தனைக்கும் நடுவில், அந்தக் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? சுவரை ஒட்டி, தூசி படிந்து, கம்பிக் கூட்டத்துக்குள் இரண்டு கறுப்புக் கொம்புகள் மடங்கிக் கிடக்கும். அவைதான் ஆண்டெனா. சில வீடுகளில் அதுவும் இருக்காது. கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் வந்த அட்டைப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல், அவை பரண் மேல் தூங்கிக் கொண்டிருக்கும்.

கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கொம்புகளை எழுப்பி நிறுத்த வேண்டும். காசு செலவில்லாத வேலை அது. அதைச் செய்யாமல் திட்டத்தை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தை வைத்துக் கொண்டு கிணற்றை ஆழமாக வெட்டுவது போன்றது.

கோளாறு எங்கே?

இண்டர்நெட் இரண்டு கட்டமாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேருகிறது. தெருவில் இருந்து வீட்டு ரூட்டர் வரை வருவது முதல் கட்டம். அது கம்பி வழியாக வருகிறது, கம்பெனியின் பொறுப்பு. ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டர் வரை வருவது இரண்டாம் கட்டம். அது வை-பை அலையாகக் காற்றில் வருகிறது, வீட்டுக்காரரின் பொறுப்பு.

மாதக் கட்டணத்தைக் கூட்டினால் முதல் கட்டம் அகலமாகும். இரண்டாம் கட்டத்துக்கு அதனால் காலணா பயன் இல்லை. ஊர் எல்லை வரை நான்கு வழிச் சாலை போட்டாகி விட்டது. வீட்டுக்குப் போகும் சந்தில் வண்டி குறுக்கே நிற்கிறது. சாலையை எட்டு வழியாக்கினால் சந்து சரியாகி விடுமா?

கோளாறு எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பது கடினமான காரியம் அல்ல. ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு லேன் கம்பியால் இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். பிறகு கம்பியைக் கழற்றி விட்டு, வை-பையில் அதே சோதனையைச் செய்ய வேண்டும். கம்பியில் 100 வந்து, காற்றில் 15 வந்தால், கம்பெனியைத் திட்டிப் புண்ணியம் இல்லை. குற்றம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கம்பியிலேயே 15-தான் வருகிறது என்றால் தாராளமாகச் சண்டைக்குப் போகலாம்.

இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்காமல் யாரும் ஒரு ரூபாய் கூட அதிகமாகக் கட்டக் கூடாது.

இரும்புப் பெட்டியின் நிழல்

செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் இல்லாத ஒரு சங்கடம் மேஜைக் கம்ப்யூட்டருக்கு உண்டு. செல்போன் ஆளோடு நகர்கிறது. சிக்னல் குறைந்தால் மனிதன் தன்னை அறியாமலே நாலடி நகர்ந்து நிற்கிறான். லேப்டாப்பில் ஆண்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்பில் ஒளிந்திருக்கிறது. திரையைத் திறந்தவுடன் ஆண்டெனாவும் எழுந்து நின்று விடுகிறது.

மேஜைக் கம்ப்யூட்டரோ, வைத்த இடத்தில் வேரூன்றி விடுகிறது. அதன் பெட்டி தகரத்தால் ஆனது. பெட்டி மேஜைக்கு அடியில், தரையில், காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டெனா அந்தப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் சுவர். பக்கத்தில் பிளக்குகள், ஒயர்கள். ரூட்டர் இருப்பது முன்புறத்துக் கூடத்தில்!

வை-பை அலை உலோகத்தை ஊடுருவாது. ரூட்டரில் இருந்து வரும் அலைக்கு எதிரே தகரப் பெட்டி மறைத்து நிற்கிறது. ஆண்டெனா அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கை ஏற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்து விட்டு, அறை இருட்டாக இருக்கிறதே என்று மின்சார வாரியத்தைக் குறை சொன்னால் யாராவது ஒப்புக் கொள்வார்களா?

நிழல் தரும் பொருள்கள் வீட்டில் இன்னும் பல உண்டு. இரும்புப் பீரோ, குளிர்பதனப் பெட்டி, ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடி, கம்பி கட்டிய கான்கிரீட் தூண் ஆகியவை அலையைத் தடுக்கும் அல்லது திருப்பி அடிக்கும். தண்ணீர் அலையை உறிஞ்சும். மீன் தொட்டியும், தண்ணீர் நிரம்பிய டிரம்மும், ஏன், எதிரே நிற்கும் மனித உடம்பும் கூட அலையைக் குறைக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2,450 மெகாஹெர்ட்ஸ் அளவில். பழைய வை-பை அலைவரிசையும் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அடுப்பில் சாம்பார் சூடாகும்போது பக்கத்து அறையில் பாடம் தடுமாறுவதில் வியப்பு இல்லை.

கம்ப்யூட்டரே தனக்குப் பகையாக இருப்பதும் உண்டு. யு.எஸ்.பி. 3 வகைச் செருகுமுனைகளும் அவற்றில் மாட்டும் கருவிகளும் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ம் ஆண்டிலேயே ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியது. கட்டை விரல் அளவு வை-பை கருவியைப் பெட்டியின் பின்னால் அந்த முனைகளுக்கு நடுவே செருகி விட்டு, சிக்னல் இல்லையே என்று வருந்துவோர் பலர். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பி வாங்கி, அந்தக் கருவியை மேஜை மேல் கொண்டு வந்து வைத்தால் பாதி நோய் தீரும்.

பத்தில் ஒரு வாட்

"இவ்வளவு சின்ன விஷயத்திலா இவ்வளவு வித்தியாசம்?" என்று சிலர் கேட்கக் கூடும். அந்த அலையின் பலம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

சாதாரண வீட்டு ரூட்டர் ஒன்று வெளியிடும் சக்தி ஏறத்தாழ பத்தில் ஒரு வாட். இரவு விளக்குக்குக் கூடப் போதாது. இது நான்கு பக்கமும் பரவி, சுவர்களில் முட்டி, மீதி இருப்பதுதான் அடுத்த அறைக்கு வருகிறது. நல்ல சிக்னல் என்று கருதப்படும் இடத்திலேயே ஆண்டெனாவுக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குதான். அதாவது, அனுப்பியதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு! அந்தத் துளியை வைத்துக் கொண்டுதான் படமும் பாட்டும் பாடமும் ஓடுகின்றன.

இப்படித் துளித் துளியாக வருவதில் பாதியை ஒரு தகரப் பெட்டி தின்று விட்டால் மிச்சம் எவ்வளவு? வீடு முழுக்க விருந்து நடக்கும்போது ஒரு கரண்டி குழம்பு சிந்தினால் தெரியாது. கடைசிக் கரண்டி சிந்தினால் ஒருவர் பட்டினி. ஆண்டெனாவுக்கு வருவது எப்போதுமே கடைசிக் கரண்டிதான்.

வடையும் குச்சியும்

சரி, கொம்பை எப்படி நிறுத்துவது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ரூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கொம்பின் நுனியை நீட்டி விடுகிறார்கள். துப்பாக்கியைக் குறி பார்ப்பது போல!

அது நேர் மாறான வேலை. இந்தக் கொம்பு வகை ஆண்டெனா தன் நுனி வழியாக அலையை வாங்குவதில்லை. தன் உடம்பின் பக்கவாட்டில்தான் வாங்குகிறது. ஓர் உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகிப் பிடித்தால் எப்படி இருக்கும்? குச்சியைக் கொம்பு என்று வைத்துக் கொண்டால், சுற்றிலும் இருக்கும் வடைதான் அது அலையை வாங்கும் பரப்பு. குச்சியின் நுனிக்கு மேலே வடை இல்லை, அடியிலும் இல்லை. நுனியை ரூட்டருக்குக் காட்டுவது, வடையின் ஓட்டையைக் காட்டிப் பசியாறச் சொல்வதாகும்.

ரூட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே தளத்தில் இருந்தால் கொம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். ரூட்டர் நேர் மேல் மாடியிலோ நேர் கீழ்த் தளத்திலோ இருந்தால் கொம்பு படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் பக்கவாட்டு உடம்பு ரூட்டரைப் பார்க்கும். சற்றுத் தள்ளி மாடியில் இருந்தால் சாய்வாக நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டு கொம்புகள் இருக்கின்றனவே, இரண்டையும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டுமா? ஒன்றைச் செங்குத்தாகவும் மற்றொன்றைச் சாய்வாகவும் நிறுத்தித் தொடங்குவது நல்லது. அதன் காரணம் ஒரு பழைய சோதனையில் இருக்கிறது.

போஸ் காட்டிய புத்தகம்

வானொலி அலைகள் இருப்பதை ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1888-ம் ஆண்டு வாக்கில் நிரூபித்துக் காட்டினார். இணையாகக் கட்டிய கம்பிச் சட்டம் ஒன்றை அலைக்குக் குறுக்கே அவர் பிடித்தார். சட்டத்தை ஒரு விதமாகப் பிடித்தால் அலை கடந்து சென்றது. கால் வட்டம் திருப்பிப் பிடித்தால் நின்று போயிற்று. அலைக்கும் ஒரு நிலை உண்டு, நிற்பதும் படுப்பதும் உண்டு என்பது அதனால் விளங்கிற்று.

அதையே இந்தியரான ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் 1890-களில் இன்னும் நுட்பமாகச் செய்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகச் சிறிய அலைகளை அவர் உண்டாக்கினார். ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். அந்தப் புத்தகம் ஒரு நிலையில் அலைக்கு வழி விட்டது. திருப்பிப் பிடித்தால் மறித்தது. விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. பொருளை எப்படிப் பிடிக்கிறோம் என்பதே விடை தந்தது.

வீட்டு வை-பைக்கும் அதே விதிதான். ரூட்டரின் கொம்பு செங்குத்தாக நின்றால் அது அனுப்பும் அலையும் செங்குத்தாக வரும். வாங்கும் கொம்பு படுத்துக் கிடந்தால் அந்த அலையில் பெரும் பகுதி அதில் ஏறாது. ஆனால் வீட்டுக்குள் அலை சும்மா வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் கூரையிலும் மோதித் திரும்பும்போது அதன் நிலை மாறிப் போகிறது. நின்று வந்த அலை சாய்ந்து வரும். சாய்ந்தது படுத்து வரும். அதனால்தான் ஒரு கொம்பை நிறுத்தியும் ஒன்றைச் சாய்த்தும் வைப்பது புத்திசாலித்தனம். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும்.

மூன்று விரற்கடை

வீட்டு வை-பைக்குப் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முதலாவது சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம் மிகுந்தது. சுவரைக் கண்டால் சோர்ந்து விடும்.

நேராக வரும் அலையும் மோதித் திரும்பும் அலையும் ஓர் இடத்தில் சந்தித்தால், சில புள்ளிகளில் ஒன்றை ஒன்று வளர்க்கும். சில புள்ளிகளில் ஒன்றை ஒன்று அழிக்கும். வளரும் புள்ளிக்கும் அழியும் புள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும்? அலையின் நீளத்தில் கால் பங்கு, அரைப் பங்கு. கணக்குப் போட்டால் இரண்டு, மூன்று விரற்கடைதான்!

ஆகவே, பெட்டியை அறையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு இழுத்துச் செல்ல வேண்டியது இல்லை. ஆண்டெனாவை மூன்று விரற்கடை நகர்த்தினாலே சில சமயம் செத்த சிக்னல் பிழைத்துக் கொள்கிறது. இது மந்திரமும் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல, அலையின் கணக்கு.

பெட்டியின் முதுகில் திருகிய கொம்பை அப்படி நகர்த்த முடியாது என்பது உண்மையே. அதற்காகவே நீண்ட கம்பியுடன் கூடிய ஆண்டெனாப் பீடங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அடியில் காந்தம் இருக்கும். மேஜை மேலோ அலமாரியின் உச்சியிலோ எடுத்து வைத்துக் கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெல்லிய கம்பி நீண்டால் அதிலேயே சிக்னல் தேய்ந்து போகும். தேவைக்கு மேல் ஒரு முழம் கூட நீளம் வேண்டியது இல்லை.

மொட்டை மாடியில் கற்ற பாடம்

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டெனாவைத் திருப்புவது தமிழ்நாட்டுக்குப் புதிய கலை அல்ல. சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டெலிவிஷன் வந்தது. அதன் பிறகு மொட்டை மாடிகளில் மீன் முள்ளைப் போன்ற ஆண்டெனாக்கள் முளைத்தன. ஜப்பானியரான யாகி, உடா ஆகிய இருவர் 1926-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த வடிவம் அது. வீட்டுப் பையன் மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்புவான். "தெரிகிறதா?" என்று மேலே இருந்து குரல் வரும். "இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு! ஆ, போதும்! ஐயோ, போய்விட்டதே!" என்று கீழே இருந்து பதில் போகும். இலங்கையில் 1982-ம் ஆண்டில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தென் கடற்கரை ஊர்களில் எத்தனையோ கம்பங்கள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கூட, படம் மங்கினால் பழுது பெட்டியில் இல்லை, கம்பத்தில் என்று தெரிந்திருந்தது. பிறகு கேபிள் வந்தது. ஆண்டெனா மறைந்தது. செல்போன் வந்தது, ஆண்டெனா அதன் வயிற்றுக்குள் போய் விட்டது. கண்ணில் படாதது கருத்திலும் படவில்லை. ஒரு தலைமுறை கையில் வைத்திருந்த அறிவை அடுத்த தலைமுறை தொலைத்து விட்டு, அதற்கு ஈடாக மாதா மாதம் பணம் கட்டிக் கொண்டிருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. மாடியில் நின்ற மீன் முள் ஆண்டெனா ஒரே திசையைப் பார்க்கும். அதை நிலையத்தை நோக்கித் திருப்ப வேண்டும். மேஜைக் கொம்பு அப்படி அல்ல. அது சுற்றுப்புறம் எல்லாவற்றையும் பார்க்கும். அதற்கு வேண்டியது குறி அல்ல. நல்ல இடமும் நல்ல நிலையும்.

அப்பளமாகும் வடை

"பெரிய ஆண்டெனாவாக வாங்கி மாட்டினால் போயிற்று" என்று சொல்வோர் இருக்கிறார்கள். கடையில் முழ நீளக் கொம்புகள் கிடைக்கத்தான் செய்கின்றன. அட்டையில் பெரிய பெரிய எண்களும் அச்சாகி இருக்கும்.

எந்த ஆண்டெனாவும் சக்தியை உற்பத்தி செய்வதில்லை. அது பங்கீடுதான் செய்கிறது. பெரிய கொம்பு என்ன செய்கிறது? வடை மாவையே எடுத்து அப்பளமாகத் தட்டுகிறது. மாவு அதே அளவுதான். அப்பளம் பக்கவாட்டில் நீண்ட தூரம் போகும். ஆனால் உயரம் குறைந்து விடும். ஒரே தளத்தில் தூரத்தில் இருக்கும் ரூட்டருக்கு அது நல்லது. மாடியில் இருக்கும் ரூட்டருக்கு அதே கொம்பு முன்னைவிட மோசமாகவும் போகலாம். அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குபவர் வீட்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

"ரிப்பீட்டர் வாங்கி வைத்தால் தீராதா?" என்பது அடுத்த கேள்வி. ரிப்பீட்டர் என்பது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. கிளிக்கே சரியாகக் கேட்காத இடத்தில் அதை வைத்தால் உளறலைத்தான் திருப்பிச் சொல்லும். மேலும், கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் மலிவான வகைகளில் வேகம் ஏறத்தாழ பாதியாகி விடுகிறது. ரிப்பீட்டர் தேவைப்படும் வீடுகள் உண்டு. ஆனால் அது கடைசி மருந்தாக இருக்க வேண்டும், முதல் மருந்தாக அல்ல.

"கம்பியே இழுத்து விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லேன் கம்பிக்கு நிகரான வை-பை இல்லை. 100 மீட்டர் வரை அது சளைக்காமல் ஓடும். சொந்த வீட்டுக்காரர் அதைச் செய்து கொள்வதே மேல். ஆனால் வாடகை வீட்டில் குடி இருப்பவர் என்ன செய்வார்? ஓர் ஆணி அடிப்பதற்கே வீட்டு உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையில், சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க யார் அனுமதிப்பார்கள்? அவருக்கு ஆண்டெனாவே கதி. ஆகவே அவருக்குத்தான் இந்த அறிவு மிகவும் தேவை.

பொறுப்பு யாருக்கு?

இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரருக்குக் கொம்பு எதற்கு என்று தெரியும். அவர் அதைத் திருகி மாட்டி, "இதைக் கழற்றாதீர்கள், பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்" என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? கொம்பு இல்லாவிட்டால் வை-பை மட்டும் அல்ல, பல கம்ப்யூட்டர்களில் அதே கொம்பைப் பகிர்ந்து கொள்ளும் புளூடூத்தும் தடுமாறும். பணம் கொடுத்து வாங்கியவர், பொருள் மட்டம் என்று நினைத்துக் கொள்கிறார்.

ரூட்டரை மாட்ட வரும் இண்டர்நெட் ஊழியரும் அப்படியே. கம்பி எந்த மூலை வழியாக உள்ளே வருகிறதோ அந்த மூலையிலேயே ரூட்டரை வைத்து விட்டு, அதன் அருகில் நின்றபடி செல்போனில் வேகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கொண்டு போய் விடுகிறார். கிணற்றடியில் தண்ணீரைக் காட்டி விட்டால், வீட்டுக் குழாயில் வந்ததாக அர்த்தமா? கம்ப்யூட்டர் இருக்கும் அறையில், கம்ப்யூட்டரிலேயே வேகத்தைக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் கையெழுத்துப் போடக் கூடாது. முடிந்தால் ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்ல வேண்டும்.

புகாருக்குப் போன் செய்தால் பதில் சொல்பவரும், "பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால், "ஆண்டெனா மாட்டி இருக்கிறதா? கம்பியில் சோதித்தீர்களா?" என்று கேட்பதே நாணயம். நோய் என்னவென்று கேளாமல் விலை உயர்ந்த டானிக்கை எழுதிக் கொடுக்கும் வைத்தியரை யாரும் மதிப்பதில்லை.

2020-ம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது வீடே வகுப்பறை ஆயிற்று. அப்போது எத்தனையோ பிள்ளைகளின் பெயருக்கு நேராக, வகுப்பில் இல்லை என்ற குறி விழுந்திருக்கும். பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது; அலைதான் வந்து சேரவில்லை. வகுப்பறை திரும்பத் திறந்து விட்டது. ஆனால் தேர்வு, நேர்முகம், அரசு விண்ணப்பம், அலுவலக வேலை என்று பலவும் வீட்டு மேஜைக்கு வந்து தங்கி விட்டன. இனி அந்த மேஜையில் அலை அறுந்தால் அது பொழுதுபோக்குக்கு வந்த இடையூறு அல்ல. பிழைப்புக்கு வந்த இடையூறு.

அரை மணி நேர வேலை

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்து விட்டு, கொம்புகள் இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விரலால் முடுக்கினால் போதும், இடுக்கி வேண்டாம். பெட்டியைத் தரையில் இருந்து மேலே தூக்கி, சுவரில் இருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, பின்புறம் ரூட்டருக்கு மறையாதபடி சற்றுத் திருப்பி வைக்க வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ள வேண்டும். கொம்பின் ஒவ்வொரு நிலையிலும் மூன்று தடவை வேகத்தைச் சோதித்து எழுத வேண்டும். ஒரு தடவை பார்த்தால் ஏமாற்றும். பக்கத்து வீட்டார் அந்த நேரத்தில் அதே அலைவரிசையில் சினிமா பார்த்துக் கொண்டிருக்கக் கூடும். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. செய்தால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. சோதிப்பவர் கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே நிற்கவும் கூடாது. அவரே நிழலாகி விடுவார்.

இத்தனை செய்தும் வேகம் வராத வீடுகள் சில இருக்கும். நடுவே மூன்று சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் இருந்தால் கொம்பு என்ன செய்யும்? அங்கே ரூட்டரை இடம் மாற்ற வேண்டும். அல்லது கம்பி இழுக்க வேண்டும். அல்லது ரிப்பீட்டர் வாங்க வேண்டும். அப்போது செலவழிக்கும் பணம் காரணம் தெரிந்து செலவழிக்கும் பணமாக இருக்கும்.

மற்ற வீடுகளில் பணம் பையிலேயே தங்கும். விற்பவர்கள் சொல்லித் தர மாட்டார்கள். சொல்லித் தந்தால் பெரிய திட்டம் விற்காது. ஆகவே வாங்குபவர்கள் கற்றுக் கொள்ள வேண்டும். முன்பு பாட்டியிடம் இருந்த அறிவைப் பேரப் பிள்ளைகள் மீட்டுக் கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பரணில் அந்த அட்டைப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!